ஈரலுக்குக் கிடைத்த கெட்ட பெயர்

அகல் விளக்கு வார்க்கிற மேசைக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. கையில் அப்பாவின் சாப்பாட்டுத் தூக்கு. மறுவாரம் உயிர்வேதியியல் செமஸ்டர் தேர்வு. உடம்பில் காயம்பட்டோ கிருமி புகுந்தோ கடும் அழற்சி தொடங்கினால் ரத்தத்தில் எந்தெந்தப் புரதம் கூடும், எது குறையும் என்று ஒரு பட்டியல், மூன்று நாளாக மனப்பாடம் செய்தும் மண்டையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் செய்கிறது ஒரே கல்லீரல்தான். அப்படியென்றால் ஒன்றைக் கூட்டும்போது இன்னொன்றை ஏன் குறைக்க வேண்டும்? பாடப்புத்தகம் குறையும் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டது.

அப்பா வேலை செய்வது விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில். வருஷத்தில் பாதி நாள் அங்கே பொம்மைதான் வார்ப்பார்கள். யானை, குதிரை, குடம் தூக்கிய பெண். அன்றைக்குப் பார்த்தால் பொம்மை அச்சுகளையெல்லாம் சுவரோரம் அடுக்கிச் சாக்கு போட்டு மூடியிருந்தார்கள். கார்த்திகைக்கு ஒரு மாதம்தான் பாக்கி. எல்லா மேசையிலும் அகல், அகல், அகல். அதே கைகள், அதே மண், அதே சூளை. பொம்மை ஏன் நின்றுபோனது? கம்பெனி கெட்டுப்போய்விட்டதாலா? இல்லை. இப்போதைக்கு அவசரம் அகல், அவ்வளவுதான்.

தூக்கைத் தரையில் வைத்துவிட்டேன். கல்லீரலும் இதையேதான் செய்கிறது. சாதாரண நாளில் அது அல்புமின் என்ற புரதத்தை நிறையச் செய்து ரத்தத்தில் விடுகிறது. எங்கோ ஒரு மூலையில் காயம் என்றால் அங்கே இருக்கிற வெள்ளணுக்கள் ரத்தத்தின் வழியே ஆள் அனுப்புகின்றன. சேதி வந்து சேர்ந்த சில மணி நேரத்தில் கல்லீரல் அல்புமின் அச்சைச் சுவரோரம் தள்ளிவிட்டு அவசரச் சரக்கில் இறங்கிவிடுகிறது. ஒரு புரதம் கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு, விழுங்குகிற அணுக்களுக்கு இதோ இவன்தான் என்று அடையாளம் காட்டும். இன்னொன்று ரத்தத்தை உறைய வைக்கும். இன்னொன்று கிருமிக்கு இரும்பு கிடைக்காமல் பார்த்துக்கொள்ளும். அடையாளம் காட்டுகிற அந்த முதல் புரதத்துக்குப் பெயர் சி.ஆர்.பி.

எனக்கு ஒன்று புரிந்தால் உடனே இன்னொருவரிடம் சொல்லியாக வேண்டும். பக்கத்தில் வார்த்துக்கொண்டிருந்த அக்காவிடம் மொத்தத்தையும் கொட்டினேன். அந்த மேசைக்கு அவர்தான் தலைவி மாதிரி. வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும்.

“சிஆர்பியா? அது எலக்‌ஷனுக்குத் துப்பாக்கி தூக்கிகிட்டு வர்ற போலீசு இல்ல?” என்றார். மேசையே சிரித்தது. நானும் விடவில்லை. அதே போலீஸ்தான் அக்கா, கலவரம் என்றால் வரும், அடங்கினால் போய்விடும் என்றேன். என்னை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தேர்வில் அந்தக் கேள்வியே வந்தது. பிய்த்து உதறினேன்.

தேர்வு முடிந்த வாரம் அப்பாவின் காலில் பீங்கான் துண்டு குத்தியது.

அப்பா சூளைக்காரர். சூளையைப் பற்றவைப்பது, பர்னரைக் கூட்டிக் குறைப்பது, சிறிய ஓட்டை வழியாக உள்ளே நெருப்பின் நிறத்தைப் பார்த்து இது போதும், இது போதாது என்று முடிவு செய்வது, எல்லாம் அவர்தான். மீட்டர் இருக்கிறது. ஆனாலும் மீட்டரைப் பார்த்துவிட்டு அப்பா முகத்தையும் பார்த்த பிறகுதான் முதலாளி தலையாட்டுவார். அந்த ஓட்டைக்கு முன்னால் இருக்கிற ஸ்டூலில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். அப்பாவுக்கு உலகத்தில் பெருமை என்று ஒன்று இருந்தால் அந்த ஸ்டூல்தான்.

சூளை இறக்கும்போது உடைந்த அகலின் சில்லு செருப்பையும் தாண்டிக் குதிகாலோரம் ஏறியிருக்கிறது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் கால் கணுக்காலுக்கு மேல் வரை சிவந்து, தொட்டால் கொதித்தது. குளிர் நடுக்கம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ரத்தம் எடுத்தார்கள். தோலுக்குக் கீழே கிருமி பரவியிருக்கிறது, ஐந்து நாள் ஊசி, அப்புறம் மாத்திரை, காலைத் தூக்கி வைத்து ஓய்வு, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ரிப்போர்ட்டு என் கையில் இருந்தது. சி.ஆர்.பி.க்கு நேராக மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. அல்புமினுக்கு நேராகக் கீழ்நோக்கி ஒன்று.

வெட்கத்தோடு சொல்கிறேன். அப்பா நடுங்கிக்கொண்டிருக்கிறார், எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம். புத்தகத்தில் படித்தது என் அப்பாவின் ரத்தத்தில் நடந்து, அச்சாகி, கையில் வந்திருக்கிறதே என்று.

மறுநாள் சாயங்காலம் அந்த அக்காவும் மேசையிலிருந்து இன்னும் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து பார்த்தார்கள். டாக்டரு என்னா சொன்னாங்க என்று அக்கா கேட்டார். டாக்டர் சொன்னதைச் சொல்லியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. புண்ணு, ஊசி, சரியாயிடும். நான் ரிப்போர்ட்டை விரித்தேன்.

“ஈரல்தான் அக்கா எல்லாத்துக்கும் காரணம். பாருங்க, அல்புமின் செய்யறத ஈரல் நிறுத்திடுச்சு. சிஆர்பி ஏறிப்போய்க் கெடக்குது.”

அக்காவின் முகத்தில் நான் எதிர்பார்த்த ஆச்சரியம் வரவில்லை. வந்தது இரக்கம். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. விளக்கம் இன்னும் கொஞ்சம் வேண்டுமோ என்று நினைத்துக் கூடவே நாலு வரி சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் ஓர் ஆம்பளையின் ஈரலைப் பற்றி ஒரே ஒரு சேதிதான் உண்டு. “ஈரல் போயிடுச்சு.” சாவு வீட்டுப் பந்தலில் குரலைத் தாழ்த்திச் சொல்கிற சேதி. எப்படிப் போச்சு என்று யாரும் கேட்கமாட்டார்கள், கேட்கத் தேவையில்லை. அது தவிர ஈரல் என்றால் கறிக்கடையில் தொங்குவது. ஈரல் வேலை செய்கிறது, ஈரல் காப்பாற்றுகிறது என்று இந்த ஊரில் யாரும் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தச் சொல்லைத்தான் நான், படித்தவள், அப்பாவின் பெயர் அச்சடித்த காகிதத்தோடு சேர்த்துக் கொடுத்தனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா மறுபடி வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய கீழாநெல்லிக் கட்டு. வெறும் வயிற்றில் அரைத்து மோரில் கொடுக்கச் சொன்னார். மஞ்சள் காமாலைக்குக் கொடுக்கிறதை எதற்குக் கால் புண்ணுக்கு என்று கேட்டேன். எல்லாம் ஈரலுக்குத்தானே என்றார். பிறகு அப்பா பக்கம் திரும்பி, கிண்டலும் கண்டிப்புமாக, “ஏண்ணே, இத்தினி வருஷமா எங்க எல்லாரு கண்ணுலயும் மண்ணத் தூவிட்டீங்களே” என்றார்.

அப்பா என்னமோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் பிறகு சாட்சியாகச் சொன்னார்கள். கேட்டதுக்கு இல்லன்னு சொல்லல, சிரிச்சாரு.

அப்பா குடித்து நான் பார்த்ததில்லை. அம்மா பார்த்ததில்லை. ஆயுதபூஜைக்குக் கம்பெனி ஆட்கள் கூடுகிற இடத்தில்கூடக் கலர் சோடா பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பார் என்று மற்றவர்களே கேலி செய்வார்கள். அதெல்லாம் ஒரு அம்புக்குறியில் அழிந்துபோனது. மறுநாள் காலை அம்மா துணி ஊறவைக்கும்போது பார்த்தேன். அப்பாவின் வேலைச் சட்டையை எடுத்து மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். என்னைக் கண்டதும் பக்கெட்டில் போட்டுவிட்டார்.

கத்தினேன். வீதிக்குக் கேட்டிருக்கும். கூட வாழ்கிற உனக்கே தெரியாதா என்றேன். அம்மா ரொம்ப மெதுவாகச் சொன்னார்: “காயிதத்துல போட்டிருக்குதுன்னு நீதானடி சொன்ன.”

காய்ச்சல் விட்டது, வீக்கம் வடிந்தது, பத்தாவது நாள் அப்பா வேலைக்குப் போனார். சாயங்காலம் வந்து, கால் இன்னும் ஆறவில்லை என்று உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கொடுத்திருக்கிறார்கள், பேக்கிங்கில் என்று சொன்னார். வைக்கோல் வைத்து அகலை அட்டைப்பெட்டியில் அடுக்குகிற வேலை. நல்ல முதலாளி என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் ஆயிற்று. கால் சுத்தமாக ஆறிவிட்டது. கார்த்திகையும் முடிந்து பொம்மை அச்சுகள் வெளியே வந்துவிட்டன. அப்பா இன்னும் பேக்கிங்கில். தூக்கு கொண்டுபோனபோது அக்காவிடம் கேட்டேன். அவர் தயங்காமல் சொன்னார். அவருக்கு அது ஊரறிந்த சேதி, எனக்கு மட்டும் தெரியாது என்பது தெரியவில்லை.

அப்பா திரும்பி வந்த முதல் நாளே, எல்லோர் முன்னாலும், வார்ப்பு மேசைக்குப் பக்கத்தில் வைத்து முதலாளி சொல்லியிருக்கிறார்: “சூளைக்கிட்ட கேஸு இருக்குது, நெருப்பு இருக்குது. குடிக்கிற ஆள அங்க வுட முடியாதுய்யா. தப்பா எடுத்துக்காத.”

அப்பா “சரிங்க” என்று சொல்லியிருக்கிறார்.

எனக்கு எதன் மேல் முதலில் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அதே கம்பெனியில் காலையிலேயே வாடையோடு வருகிற ஆள் இருக்கிறார். எல்லோருக்கும் தெரியும். அவரிடம் ரிப்போர்ட்டு இல்லை, அதனால் அவர் யோக்கியர், சூளைக்குச் சரக்கு ஏற்றுகிறார். அப்பா செய்த குற்றம், காலில் புண் வந்ததும் ஒழுங்காக ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்தது. அந்த ரிப்போர்ட்டு மேல் கோபம். எங்கள் ஊர் ஆளின் ரத்தம், எங்கள் ஊர் லேப்பு, வாங்கிப் படிக்கப்போகிறவர்கள் நாங்கள். தமிழில் ஒரு சொல் கிடையாது. ரெண்டு அம்புக்குறி. அம்பு மேலே போனால் நல்லதா, கீழே போனால் கெட்டதா, யாருக்கு எது தெரியும்? டாக்டரம்மா மேல் கோபம். இது வெறும் புண்ணால் வந்தது, புண் ஆறினால் இறங்கிவிடும் என்று அம்மாவிடம் ஒரு வாக்கியம் சொல்ல எத்தனை நேரம் பிடிக்கும்? அக்கா மேல், முதலாளி மேல், அந்தச் “சரிங்க” மேல். சுற்றிச் சுற்றி எல்லார் மேலும் கோபப்பட்டுவிட்டு, கடைசியில் என் மேல்.

அப்பாவிடம் கேட்டேன், நான் குடிப்பதில்லை என்று ஏன் சொல்லவில்லை? அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிசைந்த கையை நிறுத்தினார்.

“இத்தினி வருஷம் கூட இருந்து பாத்தவங்களுக்கு, நான் குடிக்கலன்னு நானே போயி சொல்லணுமாம்மா?”

சோற்றை முடிக்காமல் எழுந்துவிட்டார்.

சரி, அவர் சொல்ல வேண்டாம், ரத்தமே சொல்லட்டும் என்று நினைத்தேன். இந்தப் புரதத்திடம் எனக்குப் பிடித்த குணமே அதுதான். ஏறுகிற வேகத்தில் இறங்கவும் இறங்கும். கிருமி ஒழிந்தால் ஒரு நாளுக்குள் பாதியாகிவிடும், மறுநாள் அதில் பாதி. அப்பாவை இழுத்துக்கொண்டு போய் மறுபடி ரத்தப் பரிசோதனை செய்யவைத்தேன். சி.ஆர்.பி. சாதாரணம். அல்புமினும் பழைய இடத்துக்கு வந்திருந்தது. அம்புக்குறியே இல்லை. குடித்துக் கெட்ட ஈரல் இரண்டு வாரத்தில் இப்படித் திரும்பி வருமா? அந்த ஒரு கேள்வியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனேன்.

அவர் மோசமான மனிதர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். வாம்மா, படிக்கிற புள்ள என்று உட்கார வைத்து டீ சொன்னார். இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“அப்ப வுட்டுட்டாருன்னு சொல்லு. நல்லதாப் போச்சு. இன்னும் ஆறு மாசம் இப்படியே இருக்கட்டும், பாக்கலாம்.”

ஏறினால் குடித்தார். இறங்கினால் குடியை விட்டார். இந்தக் கணக்கில் என் அப்பா குடிக்காமலே இருந்தார் என்பதற்கு எந்த எண்ணும் கிடையாது.

டீயைக் குடிக்காமல் எழுந்தது தப்பு என்று அம்மா சொன்னார். எழுந்தது மட்டுமில்லை, நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவிடம் ஒரு கடிதம் கேட்டேன். அவர் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார், பாவம். வரிசையில் அத்தனை பேர் நிற்க, உடனே நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆங்கிலத்தில். கிருமித் தொற்றின்போது கல்லீரல் செய்கிற புரதம் இது, தொற்று நீங்கியதும் தணிந்தது, கல்லீரல் நோய் எதுவும் இல்லை என்று அச்சுப்பிசகாமல் எழுதியிருந்தார். முதலாளி அதையும் வாங்கி வாசித்தார். லிவர் என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டு இடத்திலும் விரலை வைத்துக் காட்டினார். பார், இதிலும் லிவர் என்றுதானே போட்டிருக்கிறது என்றார். இல்லை என்ற சொல் அவர் விரலுக்கு அடுத்ததாகவே இருந்தது. டாக்டர்கள் தெரிந்தவர்களுக்கு அப்படித்தான் எழுதிக் கொடுப்பார்கள் என்று நினைத்திருப்பாரோ என்னவோ.

வீட்டுக்கு வந்து, இனி ஈரல் என்ற சொல்லையே எடுக்கக் கூடாது, ரத்தத்தில் ஒரு மருந்து ஊறுகிறது என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அதை நினைத்ததுமே கோபம் இரட்டிப்பானது. வெட்டுக்காயம் பட்ட ஒவ்வொருவருக்காகவும், தடுமன் பிடித்த ஒவ்வொரு குழந்தைக்காகவும் இரவு பகல் பார்க்காமல் உழைக்கிற உறுப்பு அது. அதன் பெயரைக் குடிகாரர்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்தது யார்? அப்பாவின் பெயரை மீட்கிறதுக்காக ஈரலின் பெயரை நான் ஒளித்து வைக்க வேண்டுமா?

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அக்கா எங்கள் வீட்டுப் பக்கம் சர்ச்சுக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழியில் எட்டிப்பார்த்தார். நான் முகம் கொடுக்கவில்லை. அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. நீ சொன்னதத்தான் நான் சொன்னேன் பாப்பா, ஒரு சொல்லு கூட்டிச் சொல்லல என்றார். உண்மைதான். கூட்டவில்லை. அதனால்தான் இன்னும் வலித்தது.

மறுபடி சொன்னேன். இந்த முறை ரிப்போர்ட்டு இல்லாமல், அல்புமின் இல்லாமல், சி.ஆர்.பி. இல்லாமல். காலில் சில்லு குத்தியது, கால் ஈரலுக்குச் சேதி சொன்னது, ஈரல் கிருமியைப் பிடிக்க ஆள் அனுப்பியது, அந்த ஆட்களைத்தான் லேப்பில் எண்ணியிருக்கிறார்கள். அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். பிறகு எழுந்து போய்த் தண்ணீர் மோந்து குடித்தார். அப்புறம், யாரோ தன்னிடம் வம்பு இழுத்ததுபோல், சொன்னார்:

“கால்ல முள்ளு குத்துனா தொடை இடுக்குல நெறி கட்டுது. அதுக்குன்னு தொடை குடிச்சிதுன்னா சொல்றோம்?”

உள்ளே அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அவருக்கும் அந்த மூன்று நாளில் நெறி கட்டியிருக்கிறது, எலுமிச்சம்பழ அளவுக்கு. காலைத் தாங்கித் தாங்கி நடந்ததுக்குப் பாதிக் காரணம் அதுதான் என்று அப்போதுதான் சொன்னார். அதை யாரும் சந்தேகப்படவில்லை, யாரும் கீழாநெல்லி கொண்டுவரவில்லை. புண் ஒரு இடம், வீக்கம் ஒரு இடம் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கும் தெரியும். அழற்சி, வெள்ளணு, புரதம் என்று ஆயிரம் படித்த எனக்கு நெறி ஞாபகம் வரவில்லை.

பேராசிரியர் கேட்டால் மதிப்பெண்ணைக் குறைப்பார். நெறி கட்டுவது நிணநீர்க் கணு, அது அங்கேயே வீங்கும். ஈரல் வீங்குவதில்லை, சரக்கு செய்து அனுப்புகிறது. இரண்டும் ஒன்றில்லை. ஆனால் தூரத்தில் பட்ட காயத்துக்கு இரண்டும் பதில் சொல்கின்றன, புண் ஆறினால் இரண்டும் அடங்குகின்றன. அது பொய்யில்லை. அந்த வித்தியாசத்தை அக்காவிடம் சொல்லவும் செய்தேன். சொல்லாமல் எப்படி இருப்பது? அவர் கையை ஆட்டி, அதெல்லாம் அப்புறம், மொதல்ல ஆளக் காப்பாத்து என்றார்.

இன்று முதலாளி வெளியூர். நாளைக் காலை சூளை ஏற்றும் முன் எல்லோரும் வார்ப்பு மேசைக்குப் பக்கத்தில்தான் இருப்பார்கள். அங்கேதான் அப்பாவை அந்த வார்த்தை சொன்னார்கள், அங்கேயேதான் பேசப்போகிறேன், அறைக்குள் டீ குடித்துக்கொண்டு இல்லை. அப்பா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார், பேக்கிங்கில் தன் பாட்டுக்கு இருப்பாராம். அக்கா என் பக்கத்தில் நிற்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். சேதி அவர் வாய் வழியாகப் போனது, திரும்புவதும் அவர் வாய் வழியாகத் திரும்பட்டும். அம்மாவும் வருகிறேன் என்று நேற்றிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டார். ரிப்போர்ட்டு எடுத்துப்போகப் போவதில்லை. கடிதமும் இல்லை. சார், உங்களுக்கு எப்போதாவது நெறி கட்டியிருக்கிறதா என்றுதான் ஆரம்பிப்பேன். கட்டியிருக்கும், கட்டாத ஆள் யார்? அவர் ஆமாம் என்று சொன்ன பிறகு காலுக்கு வருவேன், காலிலிருந்து ஈரலுக்கு. அந்தச் சொல்லை ஒளிக்காமல், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொல்வேன். கடைசியாக, அப்பாவை அவர் ஸ்டூலுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்பேன். முடியாது என்றால் என்ன செய்வது என்பதை இன்னும் யோசிக்கவில்லை. முதல் கேள்வியை மட்டும் காலையிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கோபம் இல்லாத குரலில். அந்தக் குரல்தான் இன்னும் சரியாக வரவில்லை.